ஏலக்காய்த் தராசும் ஜீப்பின் ஆட்டமும்

போன ஞாயிறு காலை ஆறரை மணி. போடியிலிருந்து முந்தல் போகும் ரோட்டில், செல்போன் ஜிபிஎஸ் 55 காட்டும்போது, பாலத்து ஜாயின்டில் இடது முன்சக்கரத்தை வேண்டுமென்றே இறக்கினேன். ஸ்டேரிங் ஒரு உதறு உதறிவிட்டு நேராக நின்றுகொண்டது. திரும்பி வந்து வலது சக்கரத்தை இறக்கினேன். அதுவும் அப்படியே. நாலு தடவை போய் வந்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை மகன், "மச்சான், டீ குடிக்கப் போவமா, இல்ல இன்னும் பாலத்த இடிக்கணுமா?" என்றான்.

அவனுக்கு என்ன தெரியும். எட்டு மாதமாக இந்த வண்டியை 40-க்கு மேல் நான் நிம்மதியாக ஓட்டியதில்லை. 45-ஐத் தொட்ட நேரத்தில் ஒரு குழியில் சக்கரம் விழுந்தால் போதும், முன்பக்கம் பேய் பிடித்தது மாதிரி ஆட ஆரம்பித்துவிடும். ஸ்டேரிங் இடமும் வலமும் கையைப் பிய்க்கும். பானெட் தனியாக, மட்கார்டு தனியாக அடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்து, வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்கும். இங்கே மெக்கானிக்குகள் அதை 'வாப்ளிங்' என்பார்கள். அப்பாவிடம் சொன்னால் ஒரே பதில்தான்: "வண்டி ஆடலடா, நீ போற வேகம்தான் ஆடுது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் 35-ஐத் தாண்டியதே இல்லை.

வண்டி 1974 மாடல் மகிந்திரா சிஜே 3பி. அப்பா 1986-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பூப்பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளும் உர மூட்டையும் ஏற்றிப்போய், பச்சைக்காயை ஸ்டோருக்கு இறக்கி வரத்தான் வாங்கினார். பழைய மூன்றெழுத்து நம்பர். உள்ளே இருந்த பெட்ரோல் இன்ஜினை 90-களில் எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்து, ஆர்சி புக்கிலும் ஏற்றிக்கொண்டார். போடிப் பக்கம் எல்லோரும் செய்த காரியம்தான்; பெட்ரோல் ஊற்றித் தோட்டம் பார்க்கக் கட்டுப்படியாகாது. அந்த டீசல் இன்ஜினின் கனம் இந்தக் கதையில் பின்னால் வரும்.

அப்பா இதை வில்லீஸ் என்றுதான் சொல்வார். பானெட்டில் 'மகிந்திரா' என்று இருந்தாலும் வில்லீஸ்தான். தப்பில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் டொலீடோவில் இருந்த வில்லீஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்த மாடல் இது. சிஜே என்றால் சிவிலியன் ஜீப், சாதாரண ஜனங்களுக்கான ஜீப். மற்ற பழைய ஜீப்புகளை விட இதன் பானெட் தூக்கலாக, கொஞ்சம் அசட்டுத்தனமாகவே இருக்கும். அழகுக்காக வைத்ததல்ல. அந்த வருடம் போட்ட ஹரிக்கேன் இன்ஜினில் இன்லெட் வால்வுகளை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள், எக்ஸாஸ்ட் வால்வுகள் கீழே பிளாக்கிலேயே இருந்தன. இன்ஜின் உயரம் கூடிவிட்டது. பானெட்டைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். வண்டி முழுவதுமே இப்படித்தான்: எது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரு வரியில் பதில் கிடைக்கும்.

வாப்ளிங்குக்கு மட்டும் ஒரு வரிப் பதில் கிடைக்கவில்லை.

முதலில் கை வைத்தது ஸ்டேரிங் பாக்ஸில். ஸ்டேரிங்கில் இரண்டு விரற்கடை ஆட்டம் இருந்தது, பாக்ஸ் பக்கவாட்டில் ஒரு ஸ்குரூவும் லாக் நட்டும் இருந்தன. இறுக்கினால் ஆட்டம் போகும் என்று யாரோ சொன்னார்கள், முக்கால் சுற்று இறுக்கினேன். ஆட்டம் குறைந்தது. கூடவே, வளைவில் திருப்பிய ஸ்டேரிங் திரும்பி வர மறுத்தது. போடிமெட்டு கொண்டை ஊசி வளைவில் இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவமல்ல. ஓரங்கட்டி, அங்கேயே ஸ்பேனர் எடுத்துப் பழைய இடத்துக்கே தளர்த்தினேன். வாப்ளிங் துளியும் குறையவில்லை.

அடுத்தது டயர். முன்னால் இருந்த இரண்டும் ரீட்ரெட், ஒன்றில் ஒரு பக்கம் பட்டை பட்டையாகத் தேய்ந்திருந்தது. 6.00-16 அளவில் இரண்டு புது டயர், ஒன்று 4,100 ரூபாய். பேலன்ஸும் அலைன்மென்டும் 600. அலைன்மென்ட் கடைப் பையன் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "சார், இந்த வண்டி இதுல இல்ல" என்றான். பிறகு குத்துமதிப்பாக ஏதோ வைத்துக் கொடுத்தான். அந்தக் குத்துமதிப்பு எவ்வளவு என்பதைப் பின்னால் நூல் பிடித்து அளந்தபோது தெரிந்துகொண்டேன். புது டயரில் மூன்று வாரம் ஆட்டம் குறைந்த மாதிரி இருந்தது. நாலாவது வாரம் ஆட்டம் முன்னைவிடத் தெம்பாக வந்தது; டயருக்குப் பிடிப்பு கூடினதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது தப்புதான் பெரிய தப்பு. வேறொரு வண்டியின் ஸ்டேரிங் டேம்பரை, அதாவது ஸ்டேரிங் உதறலை அமுக்குகிற ஷாக் அப்சார்பரை வாங்கி, பிராக்கெட் வெல்டு வைத்து மாட்டினேன். 2,300 ரூபாய். 45-ல் ஆடிய வண்டி 52-ல் ஆடியது. அந்த ஏழு கிலோமீட்டரை நான் வெற்றி என்று நினைத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். டேம்பர் வியாதியைத் தீர்க்காது, போர்வை போட்டு மூடும். மூடியிருந்த இரண்டு மாதமும் உள்ளே இருந்தது மேலும் தேய்ந்துகொண்டுதான் இருந்தது.

டேம்பரைப் பார்த்ததும் சிரித்தவர் தேனி ரோட்டுப் பட்டறை மெக்கானிக் அண்ணன். அறுபது வயதுக்கு மேல். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னார். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டினார். 'டக், டக்'. "தம்பி, உள்ள ஏறிப் பிரேக்க மிதிங்க" என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார். அப்போதும் 'டக், டக்'.

"பிரேக்க மிதிச்சதும் ஆட்டம் நின்னுச்சுன்னா வீல் பேரிங். நிக்கலன்னா கிங்பின். இது கிங்பின்."

எட்டு மாதம், பதினோராயிரம் ரூபாய். பிரேக்கை ஒரு மிதி மிதித்ததில் பதில் வந்துவிட்டது. பிரேக் பிடித்தால் டிரம்மும் பேக் பிளேட்டும் ஒன்றாகிவிடுகின்றன, வீல் பேரிங் ஆட்டம் மறைந்துபோகிறது. அதற்கு மேலும் ஆடுகிறது என்றால் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள் மொத்தமும், அது திரும்புகிற அச்சான கிங்பின்னில் ஆடுகிறது. இதை எங்கும் எழுதியிராத ஆட்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். விலாவாரியாக எழுதுகிற நாங்கள் டயர் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை காலையில் வலது பக்கத்தைப் பிரித்தோம். சக்கரம், ஹப் மூடி, டிரைவ் ஃப்ளேஞ்ச். அதற்கு உள்ளே மடக்கிவிட்ட லாக் வாஷர், இரண்டு பக்கமும் பெரிய நட்டு. இதற்கு 2 1/16 அங்குல சாக்கெட் வேண்டும். பல பட்டறைகளில் உளி வைத்துத் தட்டித்தான் கழற்றுவார்கள். எங்கள் நட்டின் முனைகள் ஏற்கெனவே உளி தின்று உருண்டையாகியிருந்தன. அண்ணன் பைப் துண்டில் தானே வெல்டு வைத்துச் செய்த சாக்கெட் ஒன்று வைத்திருக்கிறார். இந்த வேலைக்கு வாங்கவேண்டிய ஒரே தனி டூல் அதுதான் என்பேன். டிரம் வந்ததும் பேக் பிளேட்டின் ஆறு போல்ட். பேக் பிளேட்டைக் கம்பி போட்டு ஸ்பிரிங் பிளேட் கட்டில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் போய்விடும். பிறகு ஸ்பிண்டில், ஆக்சில் ஷாஃப்ட்.

ஷாஃப்டை இழுத்ததும் பின்னாலேயே காப்பி நிறத்தில் ஒரு திரவம் வழிந்தது. கியர் ஆயிலும் தண்ணீரும் கலந்து மோராகியிருந்தது. தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓடையில் இறங்கி ஏறுகிற வண்டி. நக்கிள் உருண்டையைச் சுற்றியிருக்கும் சீல் எப்போதோ போய்விட்டது. இதை நாங்கள் பார்த்ததே இல்லை. வருடாவருடம் இன்ஜின் ஆயில் மாற்றினோம், இங்கே ஒரு போல்ட்டைத் திறந்து ஒரு விரலை விட்டுப் பார்க்கவில்லை.

சக்கரத்தைத் திருப்புகிற கம்பியான டை ராடைக் கழற்றி, மேலே நாலு, கீழே நாலு போல்ட்டை எடுத்தால் கிங்பின் மூடிகள் வருகின்றன. அவற்றுக்கு அடியில்தான் ஷிம்கள். இருக்கவேண்டியது அச்சடித்த மெல்லிய தகடுகள். எங்களுடையதில் இரண்டு உண்மையான ஷிம்மும், கத்தரியால் வெட்டின எண்ணெய் டின் தகடு மூன்றும் இருந்தன. ஒன்றில் பச்சைப் பெயிண்ட்கூட மிச்சமிருந்தது. எந்தக் காலத்தில் எந்தப் பட்டறையில் நடந்ததோ, அப்பாவுக்கு ஞாபகமில்லை. தகடு வைத்தவர் ஆட்டத்தை நிறுத்த நினைத்திருந்தால் தகட்டை எடுத்திருக்க வேண்டும். இங்கே ஷிம்மைச் சேர்த்தால் தளரும், எடுத்தால்தான் இறுகும்.

கீழ் பேரிங்கை எடுத்து டீசலில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். கப்பின், அதாவது வெளி வளையத்தின் உள் சுவரில், ஒரு பக்கம் மட்டும், வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். சப்பாத்தி மாவில் நகத்தை அழுத்தினால் விழுமே, அந்த மாதிரி. வண்டி நேராகப் போகும்போது உருளைகள் எங்கே உட்காருமோ, சரியாக அந்த இடத்தில் உருளைகள் கப்பைக் குடைந்திருந்தன. சாதாரண பேரிங் சுற்றிக்கொண்டே இருக்கும், தேய்மானமும் எல்லாப் பக்கமும் பரவும். கிங்பின் பேரிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐம்பது வருடம் ஒரே இடத்தில் நின்றபடியே அடி வாங்குகிறது. உருளைகள் கோத்த உள் வளையமான கோனை விரலால் கப்பில் வைத்துச் சுற்றினால் அந்தப் பள்ளத்தில் 'கடக்' என்று உட்காருவது கைக்குத் தெரிந்தது. அந்தக் கப்பை இப்போது மேசை மேல் பேனா ஸ்டாண்டு பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பேரிங் நம்பர் 11590 கோன், 11520 கப். ஒரு பக்கத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு, மொத்தம் நாலு செட். மதுரையில் உதிரிபாகக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "வில்லீஸா, மகிந்திராவா?" நான் மகிந்திரா என்றதும் உள்ளே போய் எடுத்து வந்தார். வில்லீஸ் என்று சொல்லியிருந்தால் என்ன கொடுத்திருப்பீர்கள் என்று கேட்டேன். "இதத்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் இந்த வண்டியின் சரித்திரம் முக்கால்வாசி அடங்கிவிடும். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதியது: நாலு சக்கரமும் இழுக்கிற, கனமில்லாத ஒரு வேவு வண்டி வேண்டும், மாதிரி வண்டிக்கு 49 நாள் கெடு. கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. செப்டம்பர் 23-ம் தேதி. ராணுவத்துக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இவ்வளவு சின்னக் கம்பெனியால் தேவைப்பட்ட எண்ணிக்கையைச் செய்ய முடியுமா என்ற சந்தேகத்தில், அந்த வரைபடங்களை வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். 60 குதிரைத்திறன் இன்ஜின் வைத்திருந்த வில்லீஸுக்கு 1941-ல் பெரிய ஆர்டர் போனது. போர் முடிவதற்குள் வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். முதலில் செய்த பாண்டம், ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் செய்துகொண்டிருந்தது. கண்டுபிடித்தவனுக்கு டிரெய்லர்தான் மிஞ்சும் என்பது எல்லாத் தொழிலிலும் உண்டு போலிருக்கிறது.

முக்கியமான விஷயம், ஃபோர்டு செய்த வண்டியின் உறுப்பு வில்லீஸில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கண்டிப்பு. போர்க்களத்தில் இரண்டு செத்த வண்டியை ஒரு ஓடும் வண்டியாக்க வேண்டுமே. அந்தக் கண்டிப்பு போருக்குப் பிறகும் பழக்கமாக ஒட்டிக்கொண்டது. 1945-ல் ஆரம்பித்த மகிந்திரா & முகமது கம்பெனி முதலில் இரும்பு வியாபாரம்தான் செய்தது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரானார்; 1948-ல் கம்பெனி மகிந்திரா & மகிந்திரா ஆனது. அந்தக் காலத்திலேயே வில்லீஸ் ஜீப்பைப் பெட்டியில் துண்டு துண்டாக வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு சிஜே 3பி-யை இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் 1968-ல் அந்த மாடல் நின்ற பிறகும் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் மதுரைக் கடைக்காரருக்கு இரண்டு கேள்வி, ஒரு பதில்.

பழைய கப்பை எடுப்பது சுலபம், பின்னாலிருந்து பித்தளைக் கம்பியால் தட்டினால் வந்துவிடும். புதியதை ஏற்றும்போது நான் அவசரப்பட்டு ஒரு பக்கமாக அடித்துவிட்டேன், கப் கோணலாக நின்றது. அண்ணன் வாங்கி, பழைய கப்பையே மேலே வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினார். உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், 'டொக்' என்பது 'டிங்' ஆகும். அதைக் காதால் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்து இறுக்கம். மேனுவல் சொல்வது இது: சீல் மாட்டாமல், டை ராடு மாட்டாமல், நக்கிள் கையின் துளையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுக்க வேண்டும். நகர்ந்துகொண்டிருக்கும்போது தராசு 12 முதல் 16 பவுண்டு காட்ட வேண்டும். நம் கணக்கில் ஐந்தரை முதல் ஏழு கிலோ. "தராசா? நான் கையாலயே பார்த்துருவேன் தம்பி" என்றார் அண்ணன். அவர் கை மேல் சந்தேகமில்லை, என் கை மேல்தான். வீட்டுக்குப் போய், ஏலக்காய் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசை எடுத்து வந்தேன். 25 கிலோ வரை காட்டும், கோடுகள் கால் கிலோவுக்கு ஒன்று. போதும்.

ஷிம்கள் நாலு தடிமனில் வருகின்றன: அங்குலத்தில் ஆயிரத்தில் 3, 5, 10, 30 பங்கு. லேத்காரர்கள் பாஷையில் மூணு தௌ, அஞ்சு தௌ. பழைய உண்மையான ஷிம்களின் தடிமனைக் கூட்டிப் பார்த்து அதே அளவில் ஆரம்பித்தோம். தராசு ஒன்றரை கிலோ காட்டியது. மேலே அஞ்சு தௌ, கீழே அஞ்சு தௌ எடுத்தேன். 11 கிலோ! சிகரெட் அட்டை கனம்கூட இல்லாத இரண்டு தகடு, பத்து கிலோ வித்தியாசம். மேலே ஒரு மூணு தௌ திருப்பி வைத்ததும் ஆறரையில் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் எட்டு போல்ட்டையும் முழுதாக முறுக்கித்தான் அளக்க வேண்டும். பாதி முறுக்கி அளந்து ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். இன்னொன்று, நகர ஆரம்பிக்கும்போது தராசு ஒன்பது வரை துள்ளும். அதைப் பார்க்கக் கூடாது. ஒரே சீராக நகரும்போது என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு.

அண்ணன் நக்கிளைக் கையால் ஒரு திருப்பு திருப்பிப் பார்த்து, "இதத்தான் நானும் வச்சிருப்பேன்" என்றார். இடது பக்கத்தை அவர் கையால் வைக்க, நான் தராசு போட்டேன். ஆறு கிலோ. மேற்கொண்டு நான் ஒன்றும் பேசவில்லை.

சீல் மாட்டுவதற்கு முன் நக்கிள் உருண்டையைப் பார்க்க வேண்டும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புது சீலையும் ஒரே மாதத்தில் அறுத்துவிடும். எங்களுடையதில் வலது பக்கம் குழி இருந்தது. 400 நம்பர் எமரி தாளில் தேய்த்து வழவழப்பாக்கினேன். அது போதாது என்பது இப்போது தெரிகிறது, கடைசியில் சொல்கிறேன். ஹப் நட்டைச் சக்கரம் இறுகும்வரை முறுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, வாஷரை மடக்கி, லாக் நட்டை மாட்டியாயிற்று.

நடுவில் இருக்கும் பெல் கிராங்க்கையும் விடவில்லை. ஸ்டேரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பி இதில் சேர்ந்து, இதிலிருந்துதான் இரண்டு டை ராடும் இரண்டு சக்கரத்துக்கும் பிரிகிறது. பின் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. லேத்தில் புது பின்னும் புஷ்ஷும், 850 ரூபாய். டை ராட் எண்டு நாலும் மாற்றினோம். பிறகு டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்புறம் லேசாக உள்ளே பார்ப்பது. இரண்டு முன் டயரிலும் சாக்பீஸால் நடுக்கோடு போட்டு, ஆக்சில் உயரத்தில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. முன்னால் 2 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடைக் குத்துமதிப்பில் முன்னால் 6 மில்லிமீட்டர் அதிகம். சக்கரங்கள் வாத்து மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு ஓடியிருக்கின்றன.

டேம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பேயாட்டம் போய்விட்டது. ஆனால் 50-ல் ரோட்டில் மேய்ந்தது, குழியில் விழுந்தால் நாலைந்து உதறல் உதறித்தான் அடங்கியது. பாதி வேலைதான் முடிந்திருந்தது.

அப்போதுதான் டீசல் இன்ஜின் ஞாபகம் வந்தது. இன்ஜின் மாற்றியதும் முன்பக்கம் தணிந்துவிட்டதென்று அப்பா முன் பிளேட் கட்டில் கூடுதலாக ஒரு பிளேட் போட்டு வளைக்கச் சொல்லியிருக்கிறார். வண்டி நிமிர்ந்தது, ஆக்சில் லேசாக முன்னால் உருண்டுவிட்டது. கிங்பின்னின் தலை 3 டிகிரி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளின் ஃபோர்க் சாய்ந்திருப்பது எதற்கோ, அதற்குத்தான் இதுவும், சக்கரம் தானாக நேருக்கு வர. செல்போனில் கோணம் பார்க்கும் ஆப்பைப் போட்டு கிங்பின் மூடி மேல் வைத்தேன். இடது அரை டிகிரி, வலது ஒன்று.

ஆக்சிலுக்கும் பிளேட் கட்டுக்கும் நடுவே வைக்க 2 டிகிரி ஆப்பு வேண்டும். லேத் கடையில் இரும்பில் சீவித் தந்தார்கள்: ஒரு முனை 7 மில்லிமீட்டர், மறுமுனை 3, நீளம் 115, ஜோடி 600 ரூபாய். மாட்டினோம். ஓட்டினால் முன்னைவிட மோசம், ஸ்டேரிங் திருப்பின பக்கமே நின்றது. தடித்த முனையைப் பின்பக்கமாக வைத்துவிட்டேன்! இந்த ஜீப்பில் பிளேட் கட்டு ஆக்சிலுக்குக் கீழே ஓடுகிறது, அதனால் தடித்த முனை முன்னால் பார்க்க வேண்டும். பிளேட் மேலே ஓடும் வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டுச் செய்ததன் பலன். நாலு யு போல்ட்டையும் மறுபடி கழற்றி, திருப்பி வைத்து, போன் வைத்துப் பார்த்தால் இடது இரண்டரை, வலது மூன்று. அந்தச் சாயங்காலம் ஓட்டியபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் நடந்தது வெறும் ஊர்ஜிதம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீணாகப் போனது: டயர் 8,200, பேலன்ஸ் அலைன்மென்ட் 600, டேம்பர் 2,300, ஆக 11,100. டயரை முழு வீண் என்று சொல்ல மனமில்லை, ஆனால் அந்த நேரத்தில் வாங்கியிருக்கத் தேவையில்லை. வியாதியைத் தீர்த்தது: பேரிங் நாலு செட் 2,080, ஷிம் பாக்கெட் இரண்டு 240, சீல் இரண்டு செட் 700, டை ராட் எண்டு நாலு 1,920, பெல் கிராங்க் 850, ஆப்பு 600, கிரீஸ், ஆயில், கழுவ டீசல் 700, அண்ணனுக்கு இரண்டு நாள் கூலி 3,000. மொத்தம் 10,090.

இதைப் படித்துவிட்டு யாராவது பழைய ஜீப் வாங்கக் கிளம்பினால் ஒன்று சொல்ல வேண்டும். இது சொகுசு வண்டியல்ல, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மழையில் முழங்கால் நனையும், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். பெரிய டயரும் வின்ச்சும் மாட்டி மாலில் நிறுத்திவைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் டயர் பெரிதாகப் பெரிதாக இந்தக் கிங்பின் பேரிங் வாங்கும் அடியும் பெரிதாகும். 2010-ல் மகிந்திராவின் 'தார்' ஜீப் வந்தபோதும், 2020-ல் அது முழுக்க மாறி வந்தபோதும், அப்பாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு தடவையும் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது தார் நிஜமாகவே நல்ல வண்டி, நெடுந்தூரம் போக அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதில் ஒரு கோளாறு வந்தால் ஏலக்காய்த் தராசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

அடுத்த தடவை என்னென்ன மாற்றுவேன்? முதல் நாளே சக்கரத்தைத் தூக்கி, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி ஆட்டிப் பார்ப்பேன். சாய்வுக் கோணத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அளந்து எழுதிவைப்பேன். ஆப்பு வைத்ததால் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கிவிட்டது, ஃபோர் வீலில் போட்டு ஏறும்போது முன் புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு அதிர்வு வருகிறது. தோட்டத்து ஏற்றத்தில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் அது தொந்தரவில்லை. ஆனாலும் கூடுதல் பிளேட்டை எடுத்துவிட்டு, 1 டிகிரி ஆப்பு போதுமா என்று பார்க்க வேண்டும். வலது நக்கிள் உருண்டையை எமரியோடு விட்டது தப்பு. ஒரு வாரத்தில் சீலுக்குக் கீழே தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில். லேத்தில் கொடுத்து உருண்டையை உலோகப் பசையால் நிரப்பிக் கடைந்து வாங்க வேண்டுமாம்; அதற்கு மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், பேரிங் மட்டும் மிச்சம். மழைக்காலம் முடியட்டும்.

தராசை எவ்வளவு துடைத்தும் கொக்கியில் கிரீஸ் வாடை போகவில்லை. ஏலக்காய் நிறுக்க அதைத் தொடவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்கள், புதியது ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதன் விலையை மேலே இருக்கும் கணக்கில் சேர்க்கவில்லை.